காய்ச்சல் விட்ட நேரம்

நோயாளர் உலக நாள் மறையுரை
நற்செய்தி: யோவான் 4:46–54



இன்றைய நற்செய்தியில் ஒரு தகப்பனைப் பார்க்கிறோம். கப்பர்நாகுமில் அரச அலுவலராக இருப்பவர். பதவி இருக்கிறது, ஆள் அம்பு இருக்கிறது. ஆனால் பெற்ற மகன் காய்ச்சலில் சாகக் கிடக்கிறான். இயேசு கானாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடி வருகிறார். பிள்ளை இறப்பதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். இயேசு அவரோடு கிளம்பிப் போகவில்லை. மகன் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பிவைக்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பி மனிதர் ஊர் திரும்புகிறார்.

பாதி வழியில் அவருடைய பணியாளர்கள் எதிரே வருகிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான் என்கிறார்கள். தகப்பன் அவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறார்: எத்தனை மணிக்கு அவனுக்கு உடம்பு தேற ஆரம்பித்தது? பணியாளர்கள் தடுமாறவில்லை. நேற்றுப் பகல் ஒரு மணிக்குக் காய்ச்சல் விட்டது என்கிறார்கள். இயேசு அந்தச் சொல்லைச் சொன்னதும் அதே நேரம்தான் என்பது தகப்பனுக்குப் புரிகிறது. அவரும் அவர் வீட்டார் அனைவரும் நம்பினார்கள் என்று யோவான் எழுதி முடிக்கிறார்.

இந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் அந்தத் தகப்பனின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று அந்தப் பணியாளர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுடைய பெயர் நற்செய்தியில் இல்லை. எத்தனை பேர் என்பதும் இல்லை. ஆனால் மூன்று காரியம் செய்திருக்கிறார்கள். நோயாளி பக்கத்திலேயே இருந்தார்கள். காய்ச்சல் விட்ட நேரத்தைக் கவனித்து மனத்தில் வைத்தார்கள். சொல்ல வேண்டியவரிடம் ஓடி வந்து சொன்னார்கள். அவர்கள் நேரத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால், மகன் பிழைத்திருப்பான். ஆனால் அவனைப் பிழைக்கவைத்தவர் யார் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்காது.

இந்த மூன்றையும்தான் இன்றைக்கு நம் மருத்துவமனைகளில் நர்சிங் அசிஸ்டென்டுகள் செய்கிறார்கள். காய்ச்சல் பார்ப்பது, நாடி பார்ப்பது, மூச்சு எண்ணுவது, பிரஷர் பார்ப்பது, விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்ப்பது, பார்த்ததைச் சார்ட்டில் எழுதுவது. இவர்களை நினைக்க இன்று பொருத்தமான நாள். 1992-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நோயாளர் உலக நாளை ஏற்படுத்தினார். 1993 முதல் லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11 அன்று அதைக் கொண்டாடுகிறோம். நோயாளிகளுக்காக மட்டும் அல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் செபிக்கும் நாள் இது. மருத்துவர்களை நினைப்போம், செவிலியர்களை நினைப்போம். வார்டில் நம் கையை முதலில் பிடிக்கிற இந்தப் பிள்ளைகளை நினைக்க மறந்துவிடுகிறோம்.

நம் பள்ளிப்பட்டு எல்லையோர ஊர். இந்தப் பக்கம் திருத்தணி, அந்தப் பக்கம் நகரி. 1960-இல்தான் இந்தப் பகுதி ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. தறியை நம்பிய வீடுகள், கரும்பை நம்பிய வீடுகள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற ஆண்கள், திருத்தணியில் ரயில் பிடித்துச் சென்னைப் பக்கம் போகிற பெண்கள். அந்தப் பெண்களில் சிலர் மருத்துவமனை வேலைக்குப் போகிறார்கள். நைட் டூட்டி முடித்து, தூங்காத கண்ணோடு பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள். இந்த மறையுரை முதலில் அவர்களுக்கு. அடுத்தது, என்றைக்காவது ஒருநாள் அவர்களிடம் கையை நீட்டப்போகிற நம் எல்லாருக்கும்.

முதலாவது, அந்தப் பணியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

தொடாமல் நாடி பார்க்க முடியாது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு மூன்று விரல்களை மெல்ல வைத்து அழுத்த வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு, நோயாளியின் நாடி என்று நம் நாடியையே எண்ணிவிடுவோம். நம் சித்த வைத்தியர்களும் மூன்று விரல் வைத்துத்தான் வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்தார்கள். தொட்டால்தான் நோய் பேசும்.

தொடுவது நம் நாட்டில் சின்னக் காரியம் இல்லை. யாரை யார் தொடலாம் என்று எழுதாத சட்டம் வைத்து வாழ்ந்த சமூகம் நாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் இன்னொரு சாதி இந்து, ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் பின் ஒருவராக வந்து ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் உதவி கேட்டார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்; வரத் தயாராக இருந்தார். ஆனால் அந்நிய ஆண் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் ஊரில் பெரிய வியாதி என்றால் வேலூருக்குத்தானே ஓடுகிறோம்? தொடுவதற்கு ஒரு பெண்ணின் கை இல்லாமல் மூன்று உயிர் போன வேதனையிலிருந்து வளர்ந்தது அந்த மருத்துவமனை.

ஆண்டவர் இயேசு தொழுநோயாளியைத் தொட்டார். பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருந்தபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். யாயீரின் மகளைக் கைப்பிடித்து எழுப்பினார்; எழுப்பிய கையோடு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் சொன்னார். சாதி கேட்காமல், தெரு கேட்காமல், அழுக்கு பார்க்காமல் எல்லாருடைய மணிக்கட்டையும் பிடிக்கிற என் மகளே, உன் விரல்கள் அந்தக் கையின் வழியில் நடக்கின்றன. சம்பளம் குறைவாக இருக்கலாம். நீ செய்கிற வேலை குறைவானது இல்லை.

இரண்டாவது, அவர்கள் கவனித்துக் குறித்தார்கள்.

கப்பர்நாகும் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. நெற்றியில் புறங்கை வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். வார்டில் எளிதாகப் பயன்படுத்தும் சிறிய தெர்மாமீட்டர் 1860-களில்தான் வந்தது. ஸ்டெதஸ்கோப்பை பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816-இல் உருவாக்கினார். கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-இல் கொண்டுவந்தார். அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெத் வைத்து, சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சொல்லலாம் என்று ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905-இல் காட்டினார். இத்தனை பேருடைய அறிவு இன்று பயிற்சி பெற்ற ஒரு கிராமத்துப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருவி நல்லதாக இருந்தால் போதாது. பிடிக்கிற கையும் உண்மையாக இருக்க வேண்டும்.

ஓர் இரவு வார்டை மனக்கண்ணால் பாருங்கள். மணி இரண்டு. நகரிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த பாட்டி. ஊபிரி ஆடலேது என்று முனகுகிறார். நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெலுங்கு தெரியும்; மூச்சு விட முடியவில்லை என்கிறார் என்பது உடனே புரிகிறது. கட்டில் ஓரம் நின்று பாட்டியின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். நாடியை எண்ணி முடிக்கிறாள். ஆனால் கையை விடவில்லை. நாடி பார்க்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாட்டியின் மார்பு மேல் வைக்கிறாள். சேலை மடிப்பு ஏறி இறங்குவதை, வாட்ச் முள்ளைப் பார்த்தபடி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுகிறாள். உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மூச்சின் நடை மாறிவிடும். அதனால்தான் அப்படி. இருபத்தெட்டு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரைதான் இருக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். அவள் எண்ணாமல், பக்கத்துக் கட்டிலுக்கு எழுதிய பதினெட்டையே இதற்கும் எழுதிவிட்டுப் போயிருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்காது. காலையில் மருத்துவர் சார்ட்டைப் புரட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். உடம்பு மோசமாகப் போகும்போது பல நேரங்களில் பிரஷர் இறங்குவதற்கு முன்னாலேயே மூச்சு வேகமாகிவிடுகிறது. 2012-இல் இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல் என்று ஆறையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் அவசரத்தில் எண்ணாமலே எழுதப்படுவது பெரும்பாலும் இந்த மூச்சுதான். ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டுமே! அந்த ஒரு நிமிடம்தான் பாட்டியின் உயிர்.

பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டது இல்லை. கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் நூல் சொல்வதைச் சந்தைக் கடைக்காரருக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்காத பிரஷரைப் பார்த்ததாக எழுதுவது கள்ளத் தராசு. அதில் ஏமாறுகிறவர் பேசக்கூடத் தெம்பில்லாத நோயாளி. தறியில் இருக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: பாவில் ஓர் இழை அறுந்ததைப் பார்த்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டால் துணி பிழைக்கும், பார்த்தும் பாராமல் ஓட்டினால் முழு உருப்படியும் போகும்.

உண்மையாக அளப்பது என்றால் முறையாக அளப்பதும்தான். வெயிலில் நடந்து வந்தவரை அப்படியே நிற்கவைத்துப் பிரஷர் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்காரட்டும். கால் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கட்டும். கை இதயத்தின் உயரத்துக்கு ஒரு மேசை மேல் இருக்கட்டும். பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேசினாலே எண் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் எண் ஏறும். விரலில் ஆக்சிஜன் பார்க்கும்போது நகப்பூச்சைத் துடைத்துவிட வேண்டும்; சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். கொரோனா காலத்தில் வெளியே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கே உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்ததை நாம் மறக்கவில்லை. அந்தக் குட்டிக் கருவியில் தெரிந்த எண்ணைச் சரியான நேரத்தில் பார்த்ததால் பிழைத்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவசரப்படாமல் நின்று பார்க்கச் சொன்ன ஒரு புனிதரும் நமக்கு உண்டு. புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ் இத்தாலியில் 1550-இல் பிறந்து 1614-இல் இறந்தவர். படைவீரராக இருந்தவர், சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகரின் மருத்துவமனைக்குப் போய், அங்கேயே நோயாளிகளுக்குப் பணியாளரானார். பிறகு நோயாளிகளைப் பேணுவதற்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். உயிரோடு இருப்பவர்களை இறந்துவிட்டதாக நினைத்துப் புதைத்துவிடுகிறார்களே என்று அவர் கலங்கினார். கடைசி மூச்சு போய்விட்டதாகத் தோன்றிய பிறகும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டார். அவசரப்பட்டு முடிவு எழுதாதே, நின்று பார் என்பதே அதன் பொருள். திருச்சபை 1930-இல் அவரைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தது. நைட் டூட்டியில் களைத்துப்போகிறபோது அவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அவர்கள் ஓடி வந்து சொன்னார்கள்.

காய்ச்சல் விட்டதைத் தெரிந்துகொண்டு அந்தப் பணியாளர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. எஜமான் வரட்டும், கேட்டால் சொல்லலாம் என்று இருக்கவில்லை. சாலையில் இறங்கி எதிரே போனார்கள். சார்ட்டில் எழுதியதோடு வேலை முடிந்துவிடாது, மகளே. பிரசவம் முடிந்த தாயின் நாடி ஏறிக்கொண்டே போகிறது என்றால், உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். பிரஷர் விழும்வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு 140/90 தொட்டுவிட்டது என்றால் அதை எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சிஸ்டரிடம் சொல். சிஸ்டர் வேறு அவசரத்தில் இருந்தால் மறுபடியும் சொல். நடுராத்திரி எழுப்பினால் டாக்டர் திட்டுவாரோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. திட்டினால் வாங்கிக்கொள். ஒரு தாய் வீடு திரும்புவாள்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அரச அலுவலர் தம் பணியாளர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். இவர்களுக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடவில்லை. கேள்வி கேட்டார், பதிலை நம்பினார், அதன்மேல் தம் நம்பிக்கையையே கட்டினார். மருத்துவர்களே, மூத்த செவிலியர்களே, எதையோ பார்த்துப் பயந்து ஓடி வருகிற பிள்ளையைக் கடிந்து அனுப்பாதீர்கள். மருத்துவமனை நடத்துகிறவர்களே, எண்ணிப் பார்க்க நேரம் இல்லாத அளவுக்குக் கட்டில்களை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, உண்மையான எண்ணை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பட்டையும் சின்னப் பட்டையும் வாங்கி வையுங்கள். கருவி பழுதானால் மாற்றுங்கள். உழைப்புக்கேற்ற கூலியைக் கொடுங்கள். கூலியைப் பிடித்துவைக்கிறவர்களைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறார் என்பதை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஆலை நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் முதலுதவி மருத்துவ அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி உருட்டுகிற அனலில் நிற்கிற நம் சகோதரன் தலை சுற்றி விழும்போது, அந்த அறையில் உள்ளவர் காய்ச்சலும் நாடியும் பார்த்து எழுதுவது அவனுடைய உயிர்க்கணக்கு. உற்பத்திக் கணக்குக்காக அதைத் திருத்தச் சொல்லாதீர்கள்.

அன்பார்ந்த இறைமக்களே, கடைசியாக நம் எல்லாருக்கும்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இதற்கு விருது கொடுத்தது. நம் தெருவுக்கு வருகிற அந்தப் பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம்? எனக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போ என்று வாசலோடு அனுப்புகிறோம். தறி ஓடுகிறது, நேரமில்லை என்கிறோம். போன மாதம் கொடுத்த மாத்திரை அப்படியே இருக்க, எல்லாம் சாப்பிட்டேன் என்கிறோம். குடித்ததை மறைக்கிறோம். எழுதுகிறவர் உண்மையாக எழுத வேண்டும் என்றால், சொல்கிற நாமும் உண்மையாகச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் பல வருடம் வலி காட்டாமலே இருந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடவுளை நம்புகிறவன் அளந்து பார்க்கத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். செபித்துவிட்டோம், இனி மாத்திரை எதற்கு என்கிறார்கள். இன்றைய நற்செய்தி அதற்கு இடம் தரவில்லை. இயேசுவின் சொல்லை நம்பி நடந்த அதே தகப்பன்தான் நேரம் என்ன என்றும் கேட்டார். கேட்டதால் அவருடைய நம்பிக்கை குறையவில்லை; வீடு முழுவதும் நம்பிக்கைக்கு வந்தது. விசுவாசம் உண்மைக்குப் பயப்படாது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முப்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வருகிற தன்னார்வலரிடமோ பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வயதான பெற்றோரை நீங்களே கூட்டிப் போய்ப் பார்க்கச் செய்யுங்கள். மருத்துவமனையில் வேலை செய்கிற என் பிள்ளைகளே, பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள், சரியில்லாததை உடனே சொல்லுங்கள். உங்கள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.